ஆட்டுவிப்போரும் ஆடுவோரும்

கதையில் வரும் மாந்தர் ஆசிரியனின் சொற்படி நடக்க வேண்டுமா, அன்றித் தம் இயல்பின்படி நடக்க வேண்டுமா என்பது இலக்கிய விமர்சனத்தில் பழைய கேள்வி. இன்று அக்கேள்வி நூல்களோடு நின்றுவிடவில்லை. கணினித் திரைக்கும் கைத்தொலைபேசிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மனிதரின் அன்றாட வாழ்வைப் பாவனை செய்யும் விளையாட்டுகள் உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் ஓய்வு நேரத்தை ஆட்கொண்டுள்ளன. நம் மாணவர்களும் இதற்கு விலக்கல்லர். ஆகவே இவற்றை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிடாமல், கதையையும் நாடகத்தையும் ஆராய்வது போலவே ஆராய வேண்டியது நம் கடமையாகிறது.

இவ்வகையில் பெரும்பெயர் பெற்றது ‘த சிம்ஸ்’. அமெரிக்காவின் மாக்ஸிஸ் நிறுவனத்தில் வில் ரைட் என்பார் உருவாக்கிய இவ்விளையாட்டு 2000 பெப்ரவரியில் வெளிவந்தது. 2004, 2009, 2014 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்த வடிவங்களைப் பெற்றது. 1991இல் ஒக்லண்ட் பகுதியில் மூண்ட பெருந்தீயில் ரைட் தம் வீட்டை இழந்தார். குடித்தனத்தை மீண்டும் தொடங்க என்னென்ன வேண்டுமென்று எண்ணிப் பார்த்த அந்த அனுபவம் இதற்கு வித்துகளில் ஒன்றாயிற்று. இதில் வெற்றியுமில்லை, தோல்வியுமில்லை. ஆடுபவர் ஒரு வீட்டைக் கட்டி, அதில் மாந்தரைக் குடியேற்றி, அவர்களைச் சமைக்கவும் படிக்கவும் பழகவும் ஏவுகிறார். ஏவல் இல்லாத வேளையில் அவர்கள் தாமாகவே இயங்குவர். அவ்வியக்கத்துக்குச் சுயேச்சை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஆடுபவர் விரும்பினால் அதை இயக்கலாம், விரும்பாவிடின் அணைத்துவிடலாம்.

இந்தச் சுயேச்சையைக் குறித்தே ஆடுவோர் ஓயாது குறைப்படுகின்றனர். பரீட்சைக்குப் படி என்று ஏவினால் பாத்திரம் பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறது. திரும்பி வந்ததும் மீண்டும் போகிறது. அருகில் தொட்டியிருக்க, எச்சில் கோப்பையை மாடிக்கு எடுத்துச் சென்று குளியலறையில் கழுவுகிறது. வீட்டில் தீப்பிடித்தாலோ எல்லோரும் செய்த வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து தீயைச் சுற்றி நின்று அலறுகின்றனர். பொறுமையிழந்தவர் சுயேச்சையை அணைத்துவிடுகிறார். அணைத்த பின்போ, ஏவாவிட்டால் உண்ணக்கூடத் தெரியாத மரப்பாவைகள்தாம் எஞ்சுகின்றன.

இக்குறைபாட்டில் இருவேறு குரல்கள் கலந்து ஒலிப்பதை நாம் கவனித்தல் வேண்டும். ‘நான் சொன்னதை இவன் செய்யவில்லை’ என்பது ஒன்று. ‘மனிதன் இப்படிச் செய்யமாட்டானே’ என்பது மற்றொன்று. முன்னது எசமானின் எரிச்சல். பின்னது சுவைஞனின் நியாயம். முதற்குரலை விமர்சனம் சந்தேகத்தோடு கேட்க வேண்டும். இரண்டாவதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான், இன்னும் கீழ்ப்படியும் பாத்திரம் வேண்டுமென்று கேட்பதே சிறந்த கலை வேண்டுமென்று கேட்பதாகத் தோன்றிவிட்டது.

பாத்திரம் ஏன் அவ்வாறு நடக்கிறது? முதல் விளையாட்டில் ஒவ்வொருவருக்கும் எட்டுத் தேவைகள் வகுக்கப்பட்டன: பசி, சௌகரியம், உடற்சுத்தம், இயற்கை உபாதை, உறக்கம், களிப்பு, பிறரோடு பழகல், சூழலின் அழகு. இவை ஒவ்வொன்றும் நேரம் செல்லச் செல்லக் குறையும். வீட்டிலுள்ள பொருள்களோ சந்தைக் கடைக்காரரைப் போலக் கூவிக்கொண்டே இருக்கும். ‘உன் பசியைத் தீர்ப்பேன்’ என்கிறது குளிர்சாதனப் பெட்டி. ‘உன்னை மகிழ்விப்பேன்’ என்கிறது தொலைக்காட்சி. எந்தக் கூவல் தன் குறையை மிகுதியாகத் தீர்க்குமோ அதை நோக்கிப் பாத்திரம் நடக்கிறது. பொருள்கள் அழைக்கின்றன, மனிதன் போகிறான். இந்தச் சுயேச்சையின் தத்துவம் முழுவதும் இவ்வளவே. விளம்பரத்தின் பின்னால் நடக்கும் நுகர்வோனின் சுதந்திரத்தையே இங்கு மனித சுதந்திரமென்று பெயரிட்டிருக்கிறார்கள்.

ஆயினும் ரைட்டின் ஆக்கத்துக்குரிய பெருமையை மறுத்தல் நேர்மையாகாது. கணினி விளையாட்டென்றால் சுடுவதும் வெட்டுவதுமே என்றிருந்த காலத்தில், சோறு சமைப்பதையும் பாத்திரம் கழுவுவதையும் கண்ணயர்வதையும் கலைக்குரிய பொருளாக்கியவர் அவர். சாமானியனின் நாளுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பது முற்போக்கு இலக்கியத்தின் கோரிக்கையும் அன்றோ? ஆனால் அந்த நாளை யார் வகுக்கிறார்கள், யாருக்காக வகுக்கிறார்கள் என்ற வினாவை இவ்விளையாட்டு எழுப்புவதில்லை. புதிதாகக் குடியேறும் குடும்பத்தின் கையில் தொடக்கத்திலேயே 20,000 ‘சிமோலியன்’ பணம் இருக்கிறது. நிலம் வாங்கலாம், வீடு கட்டலாம். அப்பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

அட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்வோர் இதைக் கேட்காமலிருக்க முடியாது. பிறர் கட்டிய வீட்டில், பிறர் வகுத்த நாளை வாழுமாறு மனிதரை வைத்து, மேலிருந்து நடத்தும் ஏற்பாடு இம்மலைகளுக்குப் புதிதன்று. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலையைப் பயிரிட்டதன் பின் எழுந்த தோட்ட அமைப்பு, மனிதரின் சுயேச்சையை அணைத்து வைப்பதற்கான மிகப்பெரிய முயற்சிகளுள் ஒன்று. விடியுமுன் தப்பு முழங்கும். பெரட்டுக்களத்தில் ஆள் எண்ணப்படும். எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போவது, எந்த மலையில் கவ்வாத்து வெட்டுவது என்பதைத் துரையும் கணக்கப்பிள்ளையும் கங்காணியும் தீர்மானிப்பர். நிர்ணயித்த எடை குறைந்தால் அரைப்பேர்தான். உறங்கும் காம்பராவும் தோட்டத்துக்கே சொந்தம். குழந்தையை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவும் அவ்வாறே.

இக்குடும்பங்களின் கையில் தொடக்கப் பணம் இருக்கவில்லை, கடன் இருந்தது. தமிழகத்துக் கிராமத்தில் கங்காணி கொடுத்த முன்பணம் தலைமேல் ஏறி, ‘துண்டு’ எனும் சீட்டாக அவர்களைப் பின்தொடர்ந்தது. அக்கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம், ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டுச் செல்வதைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கியது. துண்டு முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

‘த சிம்ஸ்’ ஆடியோர் அறிந்த ஒரு குரூரம் உண்டு. பாத்திரம் நீச்சற்குளத்தில் இறங்கியதும் ஆடுபவர் ஏணியை எடுத்துவிடுவார். முதல் விளையாட்டில் ஏணியின்றிக் கரையேற வழியில்லை. பாத்திரம் சோர்ந்து மூழ்கும். அதன் சுயேச்சையை எவரும் அணைக்கவில்லை. வழியை மட்டுமே எடுத்துவிட்டார்கள். துண்டும் சட்டமும் செய்தது இதைத்தான். கையில் விலங்கு பூட்டாமலே ஏணியை எடுத்துவிடலாம் என்பதைத் தோட்ட முதலாளித்துவம் கணினி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே அறிந்திருந்தது.

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. விளையாட்டில் ஒருபோதும் நிகழாத ஒன்று மலைநாட்டில் நிகழ்ந்தது. 1939 தொடங்கி 1940 வரை தோட்டந்தோறும் வேலைநிறுத்தங்கள் மூண்டன. ஹேவாஹெட்டையை அடுத்த முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் எனும் தொழிலாளி உயிரிழந்தார். 1977 மே மாதம், தோட்ட நிலங்கள் பறிபோவதை எதிர்த்து எழுந்த போராட்டத்தில் டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் குண்டுக்குப் பலியானார். இவர்களை முன்னே நடத்தியது பசி மட்டுமன்று. பசித்தவன் உணவை நோக்கித்தான் போவான் என்பது எட்டுத் தேவைகளின் கணக்கு. நாளைய உரிமைக்காக இன்றைய கூலியை இழக்கத் துணிபவன் அக்கணக்குக்குள் அடங்கமாட்டான். தனக்காக மட்டுமின்றிப் பக்கத்துக் காம்பராக்காரனுக்காகவும் அவன் நிற்கிறான். சேர்ந்து முடிவெடுத்தல், காரணம் சொல்லுதல், விலை கொடுத்தல் ஆகிய மூன்றும் கூடியதே மனிதனின் சுயேச்சை.

மேலிருந்து ஆட்டுவிப்போர் வரிசையிலிருந்தும் ஒருவர் கட்டளையை மீறியதுண்டு. 1936இல் தேயிலைத் தொழில் பழக இலங்கை வந்த இளைஞர் மார்க் பிரேஸ்கேர்டிள் தொழிலாளர் படும் துயரைக் கண்டு லங்கா சமசமாஜக் கட்சியோடு சேர்ந்தார். 1937 ஏப்ரல் 3இல் நாவலப்பிட்டியில் துரைமாரை எதிர்த்து மேடையேறினார். அம்மாதமே அவரை நாடுகடத்தத் தேசாதிபதி ஆணையிட்டார், அவர் தலைமறைவானார். மே மாதத்தில் உயர்நீதிமன்றம் அவ்வாணை செல்லாதென்று தீர்த்தது. அவருடைய வர்க்கமும் பிறப்பும் வகுத்திருந்த நிரலில் இத்தகைய செயலுக்கு இடமே இருக்கவில்லை. மனிதன் தன் நிரலையே மாற்றி எழுதவல்லவன் என்பதற்கு இது சான்று.

இதற்கு நேர்மாறான காட்சியையும் நாம் மறத்தலாகாது. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். 9,75,000 மனிதரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வதென்று விடப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் முன்னரே நாடற்றோராக்கப்பட்ட அம்மக்களின் சம்மதம், எண்ணிக்கையைப் பிரித்த அந்த மேசையில் கேட்கப்படவில்லை. ஆடுபவர் சுட்டியால் தூக்கி வேறிடத்தில் வைக்கும் பாவைக்கும் அவர்களுக்கும் அன்று என்ன வேறுபாடு காட்டப்பட்டது? மனிதரை மேலிருந்து பார்க்கும் கண் விளையாட்டிலேயே தோன்றியதன்று. ஆட்சியிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் நாம் ஏற்கெனவே அறிந்த கண்தான் அது.

‘விளையாட்டில் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா?’ என்று சிலர் வினவக்கூடும். புரட்சி செய்யும் பாத்திரம் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. தீப்பிடிக்கும் காட்சியையே எடுத்துக்கொள்வோம். லயத்தில் ஒரு காம்பராவில் தீப்பற்றினால் ஒரே கூரையின் கீழுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் ஆபத்து. அங்கே ஒருவர் குழந்தைகளைத் தூக்கி வெளியேற்றுவார். ஒருவர் முதியோரைக் கைத்தாங்கலாக அழைத்து வருவார். மற்றவர்கள் வாளிகளோடு ஓடுவர். யாரும் ஏவுவதில்லை. கூடி வாழ்வோரின் சுயேச்சை அப்படித்தான் வெளிப்படும். விளையாட்டின் மாந்தரோ ஒரே வீட்டில் வாழ்ந்தும் தனித்தனித் தேவைகளின் மூட்டைகளாகவே இருக்கின்றனர். ஆகையால் ஆபத்து வந்ததும் சேர்ந்து அலற முடிகிறதேயன்றிச் சேர்ந்து செயற்பட முடிவதில்லை. இது கணினியின் குறையன்று. கணினிக்குச் சொல்லிக்கொடுத்த மனிதக் கோட்பாட்டின் குறை.

அண்மைக்கால முயற்சிகள் இக்குறையைத் தீர்க்குமா? 2023இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளரும் கூகுள் ஆய்வாளரும் சேர்ந்து, மொழி மாதிரிகளால் இயங்கும் 25 பாத்திரங்களைக் கொண்ட ஒரு சிற்றூரைத் திரையில் படைத்தனர். அவை நினைவு வைத்துக்கொண்டன, பேசிக்கொண்டன, ஒரு பாத்திரம் விருந்து வைக்க எண்ணியதும் செய்தி ஊரெங்கும் பரவி, அழைப்புப் பெற்றவர்களுள் சிலர் வந்தும் சேர்ந்தனர். 2025 மார்ச்சில் தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் வெளியிட்ட ‘இன்சோய்’ விளையாட்டும் இவ்வழியில் அடியெடுத்து வைத்திருக்கிறது. இவை தொழில்நுட்பத்தில் பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. எனினும் விருந்து வைக்கும் எண்ணத்தை அப்பாத்திரத்தில் விதைத்தவர்கள் ஆய்வாளர்களே. பேச்சு வளர்ந்திருக்கிறது. எதை விரும்பலாம் என்று வகுக்கும் உரிமை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இங்கு நம் எழுத்தாளர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. மரப்பாவை கணினித் திரையில் மட்டும் வாழ்வதில்லை. தொழிலாளரைப் பற்றியதென்று வரும் கதைகள் பலவற்றில், மூன்றாம் பக்கம் வரை வாய்திறவாத பாத்திரம் நான்காம் பக்கத்தில் ஆசிரியரின் சைகைக்கு எழுந்து சொற்பொழிவாற்றுகிறது. கடைசிப் பக்கத்தில் வேலைநிறுத்தம் வெடிக்கிறது. அவன் ஏன் எழுந்தான், அதற்கு முன்னிரவு வீட்டில் என்ன பேசினான், யாருக்கு அஞ்சினான், அவன் மனைவி ஏன் மறுத்தாள் என்பவை கதையில் இல்லை. அங்கும் சுயேச்சை அணைக்கப்பட்டுத்தான் இருக்கிறது. நல்ல கொள்கைக்காக ஆட்டுவிக்கப்பட்டாலும் பாவை பாவைதான்.

மலைநாட்டு மக்களோ தம் இயல்பை வேறுவகையில் காட்டியிருக்கின்றனர். மடக்கும்புரையில் பிறந்து தொழிற்சங்கவாதியாகவும் 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கிய சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அம்மக்களின் பாடல்கள் கங்காணியை எள்ளும். துரையைக் கேலி செய்யும். வந்த வழியை எண்ணிக் கலங்கும். கை கட்டளைப்படி கொழுந்தெடுக்கும்போதே நா கட்டளையை மீறிப் பாடியிருக்கிறது. அடிபணிவும் மீறலும் ஒரே மூச்சில் வாழும் இந்த முரண்பாட்டைக் காணாத கலை, விளையாட்டாயினும் கதையாயினும், யதார்த்தத்தைத் தொடாது.

ஆகவே ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவத் தோழர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். இவ்விளையாட்டுகளைத் தடைசெய்வதால் பயனில்லை. வகுப்பறைக்குக் கொண்டு வாருங்கள். திரையில் நடமாடும் பாத்திரத்துக்கு எதையெல்லாம் விரும்ப முடியும், எதையெல்லாம் விரும்ப முடியாது என்று மாணவர்களைப் பட்டியலிடச் சொல்லுங்கள். அதற்குப் பசிக்க முடியும். கூலி போதாதென்று சொல்ல முடியாது. களைப்படைய முடியும், அயலானோடு சேர்ந்து வேலையை நிறுத்த முடியாது. பின்னர் தம் பாட்டனும் பாட்டியும் எதையெல்லாம் விரும்பினர், எதற்காக மறுத்தனர் என்பதை வீட்டில் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். அவ்விரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவன், தன் சொல்லைக் கேளாத பாத்திரத்தின்மீது சினங்கொள்வதை விடுத்து, அதற்கு இவ்வளவு சிறிய மனத்தைக் கொடுத்தவர் யார் என்று கேட்கத் தொடங்குவான். விமர்சனத்தின் முதற்படி அதுவே.