பாட்டோடு வந்த முடிச்சு

ஆரணியில் நாம் குடியிருக்கும் தெருவில் தறியோசைதான் சேவற்குரல். அந்த ஓசைக்கு நடுவே, கூலிக்குத் தார் சுற்றும் மூதாட்டி ஒருவரின் பாட்டும் காலைதோறும் கேட்கும். எழுத்தறியாதவர் அவர். விவிலியத்தை விரித்து ஒரு வரியும் படித்தவரல்லர். ஆயினும் கிறித்தவக் கீர்த்தனைகள் அடிபிறழாமல் அவர் நாவில் நடமிடுகின்றன. அவருடைய பெயரன் நம் வகுப்பு மாணவன். "உன் ஆயா பாடும் பாட்டை இயற்றியவர் யார், கேட்டு வா" என்றோம் ஒருநாள். மறுநாள் வந்து சொன்னான்: "ஆயாவுக்குத் தெரியாதாம், ஐயா. அவர்களுடைய ஆயா பாடினார்களாம்."

ஒரு சமயம் தலைமுறை தாண்டும் வழி இதுதான்! ஆலயத்தில் முழங்கிய அருளுரைகளில் எத்தனை இன்று எவர் நினைவில் உள்ளன? 1853-இல் ஆர்க்காட்டு மிசனை நிறுவினர் அமெரிக்க மருத்துவப் பாதிரியார் சான் ஸ்கடரின் மைந்தர்கள். அந்த மிசனுக்கு ஆரணியும் ஒரு நிலையம். அவர்கள் ஊர் ஊராய் நின்று பேசிய பேச்செல்லாம் காற்றோடு போயிற்று. பாட்டு மட்டும் பாட்டியிடமிருந்து பாட்டிக்கு வந்து நிற்கிறது. புலமையிலே பெரிய நூலுக்கும் இந்தப் பேறு வாய்க்கவில்லை. எச். ஏ. கிருட்டிணப் பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் 1894-இல் வெளிவந்தது; கம்பனைக் கற்றுத் தோய்ந்த நாவலர் ஒருவரின் காப்பியம் அது. கற்றோர் போற்றுவர், நூலகம் காக்கும். தார் சுற்றும் கை அதை அறியாது.

அந்த மூதாட்டி பாடுவனவற்றுள் பல, தஞ்சை வேதநாயக சாத்திரியார் இயற்றியவை. 1774-இல் நெல்லைச் சீமையிலே பிறந்து, இளமையிலேயே செருமானியப் பாதிரி சுவார்ட்சினால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, 1864-இல் மறைந்தவர். அவருடைய பெத்லகேம் குறவஞ்சியை நாம் மதமாச்சரியம் இன்றிப் படித்தோம். திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலத்தில் நட்ட கொடியை இவர் பெத்லகேமுக்குக் கொண்டுபோய்ப் படரவிட்டார். தேவமோகினி என்னும் தலைவி பெத்லகேம் நாதர்மேல் காதல் கொள்கிறாள், குறத்தி வருகிறாள், குறி சொல்கிறாள். அயல்நாட்டுச் சமயத்தை அயல்நாட்டுச் சமயமாகத் தோன்றாதபடி செய்துவிட்ட கைவண்ணம் அது! குறத்தியின் மலைவளத்தோடு பூகோளமும் வானியலும் அந்நூலில் கலந்து வருவதைக் காணும்போது, சரபோசி காலத்துத் தஞ்சையிலே புதிய கல்வியின் காற்று வீசியிருந்ததை உணர்கிறோம்.

அதனினும் நமக்கு நெருக்கமானது அவருடைய சாத்திரக் கும்மி. நாள் பார்த்தல், சகுனம் பார்த்தல், பேய்க்கு அஞ்சுதல் ஆகிய மடமைகளை அதில் அவர் சாடுகிறார். பிற சமயத்தாரை மட்டுமா? கிறித்தவரான பின்னும் பழைய மூடத்தனத்தைத் தலையில் சுமந்தவர்களையும் சேர்த்துத்தான்! 'ஆகா, நம்மவர்' என்று நாமும் ஒரு கணம் மகிழ்ந்தோம். அவசரப்பட்டுவிட்டோம், தோழர்களே!

1820-களிலே தஞ்சைத் திருச்சபையில் ஒரு பூசல் மூண்டது. புதிதாக வந்த பாதிரிமார் சில மாற்றங்களைப் புகுத்தினர். அவற்றைக் கொடுமைகள் நான்கு எனப் பட்டியலிட்டு எதிர்த்தார் சாத்திரியார். பழகிய தமிழ் விவிலியத்தின் சொற்களை மாற்றியது ஒன்று. மணத்திலும் பிணத்திலும் விழாவிலும் மலர் கூடாதென்றது ஒன்று. வழிபாட்டில் தமிழிசையை விலக்கியது ஒன்று. மற்றொன்று? சாதிகளை ஒன்றாக அமரவைத்தது!

இசைக்காக அவர் எழுப்பிய குரலில் நியாயம் இருந்தது. தமிழன் தன் தெய்வத்தைத் தன் பண்ணிலே பாடக்கூடாது என்று சொல்ல எந்த நாட்டுப் பாதிரிக்கும் உரிமை இல்லை. மலரிலே என்ன மதம் இருக்கிறது? ஆனால் அந்த நியாயத்தோடு சேர்த்து, தாழ்த்தப்பட்டவனை விலக்கி வைக்கும் அநியாயத்தையும் அவர் ஒரே முடிச்சாகப் போட்டார். எல்லாம் 'நம் வழக்கம்' என்றார். நாளும் கோளும் பொய் என்று நகைத்த அறிவு, பிறப்பில் உயர்வு தாழ்வு மெய் என்று வழக்காடியது. வேறெந்தப் பிழையையும் நாம் கவிஞருக்கு மன்னிப்போம். இதை அவருடைய காலத்தின் தலையில் சுமத்திவிட்டு நழுவ மனம் இடம் தரவில்லை. ஏனெனில் அதே காலத்தில், அதே ஆலயத்தில், அந்த மூதாட்டியின் முன்னோரைப் போன்றவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கும் அது காலம்தான்.

ஆரணி நெசவாளி ஒருவரிடம் இதைச் சொன்னபோது, தொழில் நுட்பம் ஒன்றை நமக்குக் காட்டினார். ஒரு பாவு நெய்து முடிந்ததும் தறியைக் காலி செய்வதில்லை. பழைய பாவின் நுனி இழைகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாய்ப் பிணைத்து, விழுதினூடும் அச்சினூடும் மெல்ல இழுத்துக்கொள்கிறார்கள். ஆயிரக்கணக்கான இழைகளை மீண்டும் ஒவ்வொன்றாய்க் கோக்கும் வேலை மிச்சம். "அந்த முடிச்சு விழுந்த இடம் சேலையில் சேராது, வாத்தியாரே. அதை வெட்டித் தள்ளிவிட்டுத்தான் நெய்வோம்" என்றார்.

வெட்ட முடியுமா என்பார்க்கு வரலாறே விடை வைத்திருக்கிறது. மதுரையில் பணிபுரிந்த அமெரிக்க மிசன் 1847-இல் சாதியைக் கைவிடாதவர்க்குச் சபையில் இடமில்லை என்று உறுதி காட்டியது. அதே மிசனைச் சேர்ந்த எட்வர்டு வெப் என்பவர், 1853-இல் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சேற்றினார். அத்தொகுப்பில் சிறந்து விளங்கியவை சாத்திரியாரின் பாடல்களே! பாட்டை ஏற்றார்கள், பாட்டோடு வந்த சாதியை ஏற்க மறுத்தார்கள். ஆக, தமிழிசை வேண்டுமானால் சாதியும் வேண்டும் என்ற கட்டு, கவிஞர் போட்ட கட்டேயன்றி இயற்கை போட்டதன்று.

தாளில் வெட்டியது தரையில் வெட்டுப்பட்டதா என்பது வேறு கேள்வி. ஆங்கிலத் திருச்சபையின் பேராயர் டேனியல் வில்சன் 1833-இலேயே சாதியை ஒழிக்க ஆணையிட்டார். தஞ்சையில் பலர் சபையைவிட்டு வெளியேறினரே ஒழிய, சாதியைவிட்டு வெளியேறவில்லை. கத்தோலிக்கர் நிலை என்ன? நெல்லைப் பக்கத்து வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்துக்குக் கூடம் இரண்டு, பீடம் ஒன்று. வேளாளர் ஒரு கூடத்தில், நாடார் மறு கூடத்தில்! 1910-இல்தான் அந்தத் தடுப்பு அகற்றப்பட்டது. ஒரே அப்பத்தைப் பிட்டுத் தந்தவரை நினைவுகூர, கொத்தனாரை அழைத்துப் பிரிவினை கட்டிய பெருமை நம் நாட்டுக்கே உரியது.

நினைவு என்பது எல்லாவற்றையும் சுமந்து வருவதில்லை, தேர்ந்தெடுத்துத்தான் சுமக்கிறது. சாத்திரியாரின் பட்டப்பெயரை அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி, அவர் பாடல்களைக் கதாகாலட்சேபமாகப் பாடி வருகின்றனர். கீர்த்தனை நூல்களில் அவர் பெயர் பெருமையோடு நிற்கிறது. ஆனால் சாதிக்காக அவர் எழுதியவை எந்த ஆலயத்தில் நினைக்கப்படுகின்றன? அமெரிக்க ஆய்வாளர் டென்னிஸ் ஹட்சன் 2000-இல் வெளியிட்ட நூலைப் படித்துத்தான் நாமே அந்த விவரங்களை அறிந்தோம். மறைத்ததனால் சாதி மறைந்ததா? 1950-ஆம் ஆண்டுப் பட்டியல் சாதிகள் ஆணை கிறித்தவனைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அவனுக்கு இன்றளவும் திறக்கவில்லை. சட்டத்தின் ஏட்டில் அவனுக்குத் தீண்டாமை இல்லை. சேரியில் அவன் வீடு மட்டும் அங்கேயே இருக்கிறது. நம் மாணவனின் சான்றிதழும் அந்த ஏட்டின்படி எழுதப்பட்டதே.

கிறித்தவரை மட்டும் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் கைகட்டி நிற்பது முறையாகாது. நம் இயக்க வீடுகளில் என்ன நடக்கிறது? கூடத்துச் சுவரில் பெரியார் படம். பாட்டனாரின் மேடைப் பேச்சைப் பெயரனும் ஒப்பிப்பான். பெண் பார்க்கும்போது மட்டும் 'நம்மவர்களிலேயே' தேடுவார்கள். முழக்கம் வந்து சேர்ந்தது. முடிச்சும் கூடவே வந்து சேர்ந்தது. இந்தப் பாவை வெட்டப் போவது எந்தக் கை?

இவ்வளவையும் அந்த மாணவனுக்குச் சொல்லலாமா என்று சில நாள் தயங்கினோம். எழுதியவர் யார் என்று கேட்டனுப்பியவர்கள் நாம்தாமே. பிறகு ஒளிப்பது எப்படி? அழைத்துச் சொன்னோம். கேட்டு முடித்தவன், "அந்தக் கவிராயர் எங்கள் ஆயாவைப் பக்கத்தில் உட்கார விட்டிருப்பாரா, ஐயா?" என்றான்.

"விட்டிருக்க மாட்டார்" என்றோம்.

"ஆயாவிடம் சொல்லட்டுமா?"

"சொல்."

மறுநாள் காலை பாட்டு கேட்குமா என்று நாம் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்ததை ஒப்புக்கொள்கிறோம். கேட்டது, அதே பாட்டு, அதே பண். வகுப்புக்கு வந்தவனிடம், "என்ன சொன்னார்கள்?" என்று விசாரித்தோம்.

"ஒன்றும் சொல்லவில்லை, ஐயா. நம்மவர்களை அப்போது எந்தப் பக்கம் உட்கார வைத்தார்கள் என்று உங்களிடம் கேட்டு வரச் சொன்னார்கள்."