மாயத்துக்கு ஒரு வம்சாவளி

1460 வாக்கில் மாசிடோனியாவிலிருந்து ஒரு துறவி கொண்டுவந்த கிரேக்கக் கையெழுத்துப் பிரதி புளோரன்ஸ் நகரில் கோசிமோ தெ மெடிச்சியின் கைக்கு வந்து சேர்ந்தது. ஹெர்மஸ் டிரிஸ்மெஜிஸ்டஸ் என்ற எகிப்திய ஞானி, மோசஸின் காலத்தை ஒட்டி எழுதியவை என்று நம்பப்பட்ட உரையாடல்கள் அதில் இருந்தன. பிளேட்டோவை மொழிபெயர்க்க அமர்த்தப்பட்டிருந்த மார்சிலியோ ஃபிசினோவிடம், அந்த வேலையை நிறுத்திவிட்டு முதலில் இதை முடிக்கச் சொன்னார் கோசிமோ. வயதாகிவிட்ட அவருக்கு ஹெர்மஸ்தான் அவசரமாகப் பட்டார். 1463இல் லத்தீன் மொழிபெயர்ப்பு முடிந்தது. மறு ஆண்டு கோசிமோ இறந்தார். 1471இல் நூல் அச்சேறியது. மறுமலர்ச்சிக் காலத்து மாயவித்தையைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் இங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். ஜோர்தானோ புரூனோவைப் பற்றி 1964இல் பிரான்சிஸ் யேட்ஸ் எழுதிய நூல் இந்தப் பிரதியை ஒரு யுகத்தின் திறவுகோலாகவே ஆக்கிவிட்டது. தொடக்கம் சரிதான். அந்தப் பிரதி மாயவித்தைக்கு எதைக் கொடுத்தது என்பதில்தான் எனக்கு வேறு கருத்து. ஃபிசினோ மொழிபெயர்த்த பதினான்கு பகுதிகளும் கடவுள், ஆன்மா, படைப்பு பற்றிய ஞான விசாரம். தாயத்து செய்யும் முறையை அவற்றில் தேடிப் பயனில்லை. வித்தை ஏற்கெனவே கைவசம் இருந்தது. அதற்கு இல்லாதது கௌரவமான ஒரு வம்சாவளி. அதைத்தான் ஹெர்மஸ் கொடுத்தார்.

வித்தை இருந்தது என்பதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. அரபு மொழியில் எழுதப்பட்டு, 1256இல் காஸ்டில் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோவின் ஆதரவில் மொழிபெயர்க்கப்பட்டு, பின் லத்தீனில் ‘பிக்காட்ரிக்ஸ்’ என்ற பெயரில் உலவிய தொகுப்பில், எந்தக் கோளுக்கு எந்தக் கல், எந்தத் தூபம், எந்த வேளை என்று எல்லாம் விவரமாக இருந்தது. அல்கிந்தியின் பெயரில் வழங்கிய கதிர்கள் பற்றிய நூல், விண்மீன்களின் ஆற்றல் சொல்லிலும் உருவத்திலும் இறங்கும் என்றது. பேய்களை அழைக்கும் சடங்குகள் அடங்கிய பதினைந்தாம் நூற்றாண்டுக் கையேடு ஒன்று மியூனிக்கில் இன்றும் இருக்கிறது. அதைப் பதிப்பித்த ரிச்சர்ட் கீக்ஹெஃபர், இத்தகைய ஏடுகளைப் பயன்படுத்தியவர்கள் பெரும்பாலும் லத்தீன் அறிந்த கீழ்நிலைக் குருமார்கள்தாம் என்று காட்டினார். ஆனால் இவையெல்லாம் மறைவில் வைத்திருக்க வேண்டிய ஏடுகள். போலோன்யாவில் சோதிடம் கற்பித்த செக்கோ தஸ்கோலியை 1327இல் எரித்தது இதே புளோரன்ஸ்தான்.

அதே ஊரில் 1489இல் ஃபிசினோ ‘வாழ்வைப் பற்றிய மூன்று நூல்கள்’ என்பதை அச்சிட்டு வெளியிட்டார். ஓயாமல் படிக்கும் அறிஞர்களைச் சனி பிடித்து மனச்சோர்வில் தள்ளுகிறது. சூரியன், வியாழன், வெள்ளி ஆகியவற்றின் நல்லாற்றலைப் பொன்னாலும் மணத்தாலும் திராட்சை ரசத்தாலும் யாழிசையாலும் உடலுக்குள் ஈர்த்துக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். மருத்துவரின் மகனும் தாமே குருப்பட்டம் பெற்றவருமான ஒருவர் எழுதியதால், பாதி வைத்தியமாகவும் பாதி வழிபாடாகவும் அது படித்தது. மூன்றாம் பகுதியில் கோள் உருவங்கள் பொறித்த தாயத்துகள் வருகின்றன. அவற்றில் கணிசமானவை பிக்காட்ரிக்ஸின் சரக்கு. அந்தப் பெயர்தான் எங்கும் இல்லை. அந்தப் பகுதி, புளோட்டினஸின் ஒரு பத்திக்கான உரை என்ற கோலத்தில் தொடங்குகிறது. சங்கடமான இடம் வந்தால், தான் இதைப் பரிந்துரைக்கவில்லை, முன்னோர் சொன்னதை எடுத்துச் சொல்கிறேன் அவ்வளவுதான் என்று ஒதுங்கிக்கொள்கிறார். ஃபிசினோ பேய்களை வாசலிலேயே நிறுத்தப் பாடுபட்டும் அவை எப்படிப் பின்கட்டு வழியாக உள்ளே வந்துவிடுகின்றன என்பதை டி. பி. வாக்கர் 1958இல் அழகாகக் காட்டினார். போப்பிடம் புகார் போனது. ரோமில் இருந்த நண்பர்கள் துணையால் ஃபிசினோ தப்பினார். செக்கோவின் தலைவிதி இவருக்கு நேராததற்கு அவருடைய வித்தை தூய்மையானது என்பது காரணம் அல்ல. அவருக்குப் பின்னால் மெடிச்சிகளும், பிளேட்டோவும், மோசஸின் சமகாலத்தவராகக் கருதப்பட்ட ஹெர்மஸும் நின்றார்கள்.

பிகோ தெல்லா மிராந்தோலா இதையே இன்னும் உரக்கச் சொன்னார். 1486இல் அவர் வெளியிட்ட 900 வாதங்களில் கிறிஸ்துவின் தெய்வத்தன்மையை மாயவித்தையும் யூத மறைஞானமான கபாலாவும் போல வேறெந்த அறிவியலும் உறுதிப்படுத்தாது என்பதும் ஒன்று. பதின்மூன்று வாதங்களை ரோம் கண்டித்தது. பிகோ பிரான்சுக்கு ஓடிப் பிடிபட்டார். வம்சாவளியைச் சரியாக எழுதத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்பொன்ஹைம் மடத்தின் தலைவர் டிரிதேமியுஸ் சாட்சி. ஆவிகள் வழியாகத் தூரத்துக்குச் செய்தி அனுப்பும் முறை போலத் தோற்றம் தரும் ‘ஸ்டெகனோகிராஃபியா’வை அவர் 1500ஐ ஒட்டி எழுதினார். முதல் இரண்டு பகுதிகள் சங்கேத எழுத்துமுறைகளே. மூன்றாம் பகுதி மட்டும் அசல் மாந்திரீகம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 1990களில் இரண்டு ஆய்வாளர்கள் தனித்தனியே அதை உடைத்தபோது அதிலும் சங்கேதமே இருந்தது. பாவம், பேயே இல்லாத நூலுக்காக அவர் பேய்க்காரர் என்று பெயர் வாங்கினார். 1606இல் அச்சான நூல் மூன்றே ஆண்டில் தடைப்பட்டியலில் சேர்ந்தது.

டிரிதேமியுஸுக்கு 1510இல் தன் ‘மறைபொருள் தத்துவ’த்தின் முதல் வரைவை அனுப்பிய இளைஞர் ஹைன்ரிச் கொர்னேலியுஸ் அக்ரிப்பா. அந்த நூல் 1533இல்தான் முழுமையாக அச்சானது. அக்காலத்து மாயவித்தைக்கு அதைவிடப் பெரிய களஞ்சியம் இல்லை. ஆனால் என் வாதத்துக்கு அந்த நூலைவிட அவர் வாழ்வில் 1519இல் நடந்த ஒரு வழக்கு முக்கியம். அப்போது அவர் மெட்ஸ் நகரின் சட்ட ஆலோசகர். பக்கத்துக் கிராமத்துப் பெண் ஒருத்தி சூனியக்காரி என்று பிடிபட்டாள். விசாரணைத் துறவி முன்வைத்த தலையாய ஆதாரம், அவள் தாயும் சூனியக்காரியாக எரிக்கப்பட்டவள் என்பது. ஞானஸ்நானம் அந்தத் தொடர்பை அறுத்துவிடுகிறது, இல்லையென்றால் ஞானஸ்நானத்துக்கே பொருளில்லை என்று வாதாடி அக்ரிப்பா அவளை மீட்டார். மறு ஆண்டே ஊரை விட்டுப் போக வேண்டியதாயிற்று. அறிஞரின் மாயத்தை நியாயப்படுத்தியதும் பரம்பரை. அந்தப் பெண்ணைச் சிதைக்கு இழுத்ததும் பரம்பரை. அவளுடைய பரம்பரை கிரேக்கத்தில் எழுதப்பட்டிருக்கவில்லை.

அறிஞர்களும்தானே துன்பப்பட்டார்கள் என்று கேட்கலாம். புரூனோ 1600 பிப்ரவரி 17 அன்று ரோமில் எரிக்கப்பட்டார். ஜான் டீ 1555இல் அரசி மேரியின் ஜாதகத்தைக் கணித்ததற்காகக் கைதானார். உண்மைதான். ஆனால் புரூனோ மீதான குற்றச்சாட்டுகளில் கனமானவை திரித்துவம், கிறிஸ்துவின் இயல்பு போன்ற மறைக்கொள்கை பற்றியவை. டீ வெளியே வந்து, எலிசபெத்தின் முடிசூட்டு நாளைக் குறித்துக் கொடுத்து, யூக்ளிடின் ஆங்கிலப் பதிப்புக்கு 1570இல் புகழ்பெற்ற முன்னுரையும் எழுதினார். தேவதூதர்களோடு உரையாடிய அமர்வுகளிலோ, கண்ணாடிக்கல்லில் எதையும் காண டீக்கு வாய்க்கவில்லை. பார்த்துச் சொன்னவர் எட்வர்ட் கெல்லி போன்ற கூலிக் காட்சியாளர். டீ எழுதினார், எழுதியவர் தத்துவவாதி ஆனார்.

இன்னொரு மறுப்பு வலுவானது. சூனிய வழக்குகளில் ஐரோப்பா முழுவதும் கொல்லப்பட்ட 40,000 முதல் 50,000 பேரில் பெரும்பாலோர் எந்த வித்தையும் செய்யாத சாதாரண மக்கள், அவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். அவர்களை அறிஞர்களோடு ஒரே தட்டில் வைப்பது பிழை என்பார்கள். அக்ரிப்பாவின் மாணவர் யோஹான் வையர் 1563இலேயே இதைச் சொன்னார்: இந்தக் கிழவிகள் மனச்சோர்வால் மயங்கியவர்கள், தண்டிக்க வேண்டியது படித்த மாந்திரீகர்களைத்தான். நான் அவர்களை ஒரே தட்டில் வைக்கவில்லை. தட்டு எப்படிப் பிரிந்தது என்றுதான் கேட்கிறேன். மனச்சோர்வு என்ற ஒரே அறிகுறி ஃபிசினோவிடம் மேதைமையின் முத்திரை. கிழவியிடம் வையர் கருணையோடு பார்த்தால் நோய், சூனிய வேட்டையை ஆதரித்த ழான் போதேன் பார்த்தால் குற்றம்.

யேட்ஸின் பெரிய வாதம், இயற்கையை ஆளலாம் என்ற துணிச்சலை ஹெர்மஸ் ஊட்டியதால்தான் நவீன அறிவியல் பிறந்தது என்பது. கோப்பர்நிக்கஸ் 1543இல் சூரியனைப் பற்றி எழுதும்போது டிரிஸ்மெஜிஸ்டஸைக் குறிப்பிடுவது இதற்கு விருப்பமான சான்று. ஆனால் அது அலங்காரம். கணக்கு டாலமியோடு மல்லுக்கட்டியதில் வந்தது. ராபர்ட் வெஸ்ட்மன் 1977இல் இதை ஏறக்குறைய முடித்துவைத்தார். மாயத்துக்கும் சோதனை அறிவுக்கும் உறவு உண்டு; அந்தப் பாதை எகிப்து வழியாகப் போகவில்லை. நேப்பிள்ஸின் ஜம்பத்திஸ்தா தெல்லா போர்த்தா 1558இல் நான்கு பகுதிகளாக வெளியிட்டு, 1589இல் இருபதாக விரித்த ‘இயற்கை மாயம்’ நூலைப் பாருங்கள்: இருட்டறையில் வில்லை வைத்துப் படம் விழச்செய்வது, எஃகைப் பதப்படுத்துவது, முடிக்குச் சாயம் ஏற்றுவது. இவை கொல்லர்களும் சாயக்காரர்களும் கண்ணாடி செய்பவர்களும் அறிந்தவை. பட்டறை அறிவு பிரபுக்களின் மேசைக்கு வர மாயம் என்ற தலைப்பு வசதியாக இருந்தது.

1614இல் ஐசக் கஸோபோன் ஹெர்மஸின் கிரேக்கத்தை அலசி, அது கிறிஸ்துவுக்குப் பிந்தைய நடை என்று நிறுவினார். வம்சாவளி பொய்யாயிற்று. பொய்யான பின்னும் ராபர்ட் ஃபிளட்டும் கிர்ஷரும் அதை விடவில்லையே என்றால், பட்டா போலி என்று தெரிந்த மறுநாளே யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. அனுமதி கையிலிருந்து நழுவ, வேறு பாதுகாப்பு தேவைப்பட்டது. 1628இல் ரோமில் அதைப் பார்க்கலாம். கிரகணம் போப் எட்டாம் உர்பனைக் கொல்லும் என்று சோதிடர்கள் சொல்லிவந்தார்கள். தத்துவவாதித் துறவி தொம்மாசோ கம்பனெல்லாவும் போப்பும் ஓர் அறையை அடைத்து, வெண்துணி தொங்கவிட்டு, பன்னீர் தெளித்து, சூரிய சந்திரருக்கு இரண்டு விளக்கும் கோள்களுக்கு ஐந்தும் ஏற்றி, வியாழனுக்கும் வெள்ளிக்கும் உரிய இசை ஒலிக்க உட்கார்ந்தார்கள். ஃபிசினோவின் முறையேதான். போப் பிழைத்தார். இரண்டு ஆண்டு கழித்து, போப்பின் சாவைக் கணித்ததாக மடத்தலைவர் ஒராத்சியோ மொராந்தி கைதாகிச் சிறையிலேயே இறந்தார். 1631இல் அதே போப், தம் மரணத்தைக் கணிப்பவர்களுக்கு மரண தண்டனை என்று ஆணை பிறப்பித்தார். கம்பனெல்லா பிரான்சுக்குப் போய், ரிஷல்யூவின் ஆதரவில் வாழ்ந்து, 1639இல் பாரிஸில் படுக்கையில் இறந்தார்.