கேட்காமலே எழுதப்படும் மறுப்பு

பெண் மேலாளர்களை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்புவது பற்றிப் பேச்சு எழுந்தால், வெளியுறவுப் பணி அதிகாரி முத்தம்மாவின் 1979-ஆம் ஆண்டு வழக்கை எடுத்துப் போட்டு விவாதத்தை முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. பாலக்காட்டில் இது இன்னும் கூடுதல். தீர்ப்பெழுதிய வி.ஆர். கிருஷ்ணய்யர் இங்குள்ள வைத்தியநாதபுரத்தில் பிறந்தவர் அல்லவா! மகளிர் தினக் கூட்டத்தில் கம்பெனிக்காரர் ஒருவர் எழுந்து, தடையெல்லாம் 1979-லேயே போய்விட்டது, எங்களிடமும் ஒரு தடையும் இல்லை, பெண்கள்தாம் முன்வருவதில்லை என்பார். கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டலோடுதான் எனக்கு நெடுநாள் வழக்கு.

தீர்ப்பின் பெருமையை மறுப்பதற்கில்லை. இந்திய வெளியுறவுப் பணியில் 1949-இல் சேர்ந்த முதல் பெண் சி.பி. முத்தம்மா. திருமணம் செய்துகொண்டால் வேலையை விட்டுவிடுவதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் அவரை உள்ளே விட்டார்கள். 1961-ஆம் ஆண்டு விதிகளிலும் அதே வாடை: பெண் அதிகாரி மணம் முடிக்க எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும், குடும்பக் கடமை வேலையைக் கெடுக்கும் என்று அரசு கருதினால் ராஜினாமா கேட்கலாம். மனைவிக்குக் குடும்பம் இடைஞ்சல் என்றால் கணவனுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும் என்று கிருஷ்ணய்யர் மடக்கிய இடத்தில் அரசிடம் பதில் இல்லை.

ஆனால் தீர்ப்பைக் கொண்டாடுகிறவர்களில் அதைக் கடைசிவரை படித்தவர்கள் குறைவு. முத்தம்மாவின் மனு தள்ளுபடி ஆயிற்று. மணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் பெற உரிமை இல்லை என்ற விதி 1973-லேயே நீக்கப்பட்டிருந்தது; மண அனுமதி கேட்கும் விதியும் போகப்போகிறது என்று அரசு சொல்லிவிட்டது. முத்தம்மா நீதிமன்றப் படியேறியது பதவி உயர்வுக்காக. தகுதி போதாதென்று அவரை ஒதுக்கிவிட்டு, அவருக்கு இளையவர்களை மேலே ஏற்றியிருந்தார்கள். வழக்குப் போட்ட பிறகு உயர்வு தானாக வந்தது. மிச்சமிருந்த பணிமூப்பு இழப்பை அரசே மறுபடி பார்க்கட்டும் என்று நீதிமன்றம் விட்டுவிட்டது. செத்துக்கொண்டிருந்த விதிக்குச் சாட்டையடி விழுந்தது. மூடிய அறையில் சிலர் கூடித் தகுதியை எடைபோட்ட முறையோ கூண்டில் ஏறவே இல்லை.

போதாததற்கு, தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. எல்லா வேலையிலும் எல்லாச் சூழலிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று பொதுப்படச் சொல்லிவிடவில்லை. வேலையின் தேவையும் சமூகத்தின் போக்கும் சில இடங்களில் ஆள் பார்த்துத் தேர்வு செய்யும்படி ஆக்கலாம் என்கிறார் நீதிபதி. நீதிபதிக்குரிய எச்சரிக்கை என்று அதை விட்டுவிடலாம். எனக்கு மனம் வரவில்லை. இன்றைய நிறுவனங்கள் குடியிருப்பது முழுக்க அந்த விலக்குக்குள்தான்.

விதி எழுத்தில் இருந்தவரை அதை எதிர்த்து மனுப்போட முடிந்தது. இப்போது எழுத்தில் ஒன்றுமில்லை. கோவையிலோ கொச்சியிலோ 'ஆன்சைட்' என்னும் வெளிநாட்டுப் பணி வாய்ப்பு ஒன்று வருகிறது. 'அவங்களுக்குக் கைக்குழந்தை, எதுக்குத் தொந்தரவு' என்கிறார் ஒருவர். 'வீட்டுக்காரர் இங்கே நல்ல வேலையில இருக்கார், விட்டுட்டு வருவாரா' என்கிறார் மற்றவர். பரிவாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பட்டியலிலிருந்து ஒரு பெயர் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குச் செய்தியே தெரியாது. ஆண்டுக் கடைசியில் 'முன்வராதவர்கள்' கணக்கில் அவளும் சேர்ந்துவிடுகிறாள்.

இது நம்மூர்க் கோளாறு மட்டுமல்ல. ஆய்வாளர்கள் ஹிலரி ஹாரிஸும் கிறிஸ் புரூஸ்டரும் 1999-இல், வெளிநாட்டுப் பணிக்கு ஆள் எடுக்கும் முறையைக் காப்பி இயந்திரத்தடியில் நடக்கும் பேச்சு என்றே வர்ணித்தார்கள். அதற்கும் முன்பு, 1980-களில், நான்சி ஆட்லர் வட அமெரிக்க நிறுவனங்களை ஆராய்ந்தபோது, வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட மேலாளர்களில் பெண்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான். ஆசியாவில் பெண்ணை மதிக்கமாட்டார்கள் என்று தலைமையகங்கள் காரணம் சொல்லின. போய்வந்த பெண்களைக் கேட்டால், ஆசியர்கள் தங்களை முதலில் அயல்நாட்டுக்காரராகவே பார்த்தார்கள் என்றார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வேலையில் வெற்றியும் பெற்றிருந்தார்கள்.

பெண்கள் ஊர்விட்டுப் போக விரும்புவதில்லை என்று கேரள எல்லையில் நின்றுகொண்டு சொல்லத் தனித் துணிச்சல் வேண்டும். போடியிலும் கம்பத்திலும் விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு, மெட்டு ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்களில் பெண்களே மிகுதி. மூணாறின் தேயிலைக் காட்டுக்குத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளுக்கு முன்பே மலையேறின. 2015-இல் போனஸுக்காகத் தெருவில் உட்கார்ந்து, தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுங்கச் சொன்ன பெண்கள் அந்தக் குடும்பத்தார். கேரளத்து நர்ஸுகள் 1960-களிலேயே மேற்கு ஜெர்மனிக்குப் போனார்கள். பிறகு வளைகுடா முழுக்க. இவர்கள் யாருக்கும் கைக்குழந்தை இருந்ததில்லையா? கொழுந்து பறிக்கவும் ஊசி போடவும் அனுப்பும்போது வராத இந்தக் கரிசனம், சம்பளமும் அதிகாரமும் கூடும் நாற்காலிக்கு அனுப்பும்போது மட்டும் எங்கிருந்து வருகிறது?

கணவனின் வேலை, பிள்ளையின் பள்ளி, மாமியாரின் முதுமை எல்லாம் உண்மையான சிக்கல்கள்தாம். கேட்டால் சிலர் மறுக்கவும் செய்வார்கள். மறுக்கட்டும், கேட்ட பிறகு. இடத்தை எல்லாருக்கும் தெரியும்படி அறிவித்து, யார் யாரைக் கேட்டோம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதிவைக்க ஒரு தாள் போதும். பெரிய நிறுவனங்களுக்குக் கணக்கெடுப்பு புதிதுமல்ல. பங்குச்சந்தையின் முதல் 1000 நிறுவனங்கள், ஒழுங்குமுறை வாரியமான செபியின் விதிப்படி 2022-23 முதல் கொடுக்கவேண்டிய அறிக்கையில், ஊழியரில் பெண்கள் எத்தனை, வேலையைவிட்டுப் போனவர் எத்தனை, பிரசவ விடுப்பு முடிந்து திரும்பியவர் எத்தனை என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வெளிநாட்டுப் பணிக்கு யாரைக் கேட்டார்கள் என்பதற்குக் கட்டம் இல்லை. அதைப் போடும்படி எந்த நிறுவனமும் கேட்டு நான் கண்டதுமில்லை.