பூனையின் ரோமத்தில் ஹிஸ்டோனைப் பார்ப்பது எப்படி?

கறுப்பும் ஆரஞ்சும் வெள்ளையும் திட்டுத் திட்டாகக் கலந்த பூனை கண்ணில் பட்டால் சற்று நில்லுங்கள். அது அநேகமாகப் பெண் பூனை. பாலூட்டிகளின் செல்லுக்குள் ஒரு மரபணு பேசுவதும் வாயடைத்துப் போவதும் எப்படி என்பதை நுண்ணோக்கி இல்லாமல் பார்க்கக் கிடைக்கும் அரிய இடம் அந்த ரோமம்.

முதலில் திட்டுகளைப் பாருங்கள். ரோமத்தை ஆரஞ்சாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு. இப்படித் திட்டுள்ள பூனையில் ஒன்றில் ஆரஞ்சு வகை, மற்றதில் கறுப்பு வகை. கருவின் தொடக்க நாட்களிலேயே ஒவ்வொரு செல்லும் ஏதோ ஒரு எக்ஸை அடைத்துவிடுகிறது. அதிலிருந்து பிறக்கும் செல்கள் அந்த முடிவை மாற்றுவதில்லை. எலிகளின் ரோம நிறத்தை ஆராய்ந்த மேரி லயன் 1961இல் இந்த விளக்கத்தைத் தந்தார். வெள்ளை வேறொரு மரபணுவின் வேலை, அதை விட்டுவிடலாம்.

அடுத்து, உள்ளே போங்கள். இரண்டு திட்டுகளிலும் டிஎன்ஏ வரிசை ஒன்றேதான். ஆனால் டிஎன்ஏ வெறுமனே கிடப்பதில்லை. எட்டு ஹிஸ்டோன் புரதங்கள் சேர்ந்த உருண்டை ஒவ்வொன்றையும் 147 கார இணைகள் நீளத்துக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஹிஸ்டோன்களின் வால்கள் வெளியே நீண்டிருக்கும். அங்கேதான் கண் வைக்க வேண்டும்.

வாலிலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்துக்கு நேர்மின்சுமை, டிஎன்ஏவுக்கு எதிர்மின்சுமை. அதனால் பிடி இறுகுகிறது. லைசினில் அசிட்டைல் என்னும் சிறு வேதிக்குழு ஒட்டினால் அந்த மின்சுமை நீங்கிப் பிடி தளர்கிறது. அசிட்டைலை இனங்காணும் புரதங்களும் வந்து சேர்கின்றன. மரபணு ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது. இந்தத் தொடர்பை 1964இலேயே வின்சென்ட் ஆல்ஃப்ரீயின் குழு முன்வைத்தது.

மெத்தைல் என்னும் இன்னொரு வேதிக்குழுவின் அழகு வேறு. அது மின்சுமையைத் தொடுவதில்லை. ஒட்டும் இடமே பொருளைத் தீர்மானிக்கிறது. எச்3 என்னும் வகை ஹிஸ்டோனின் 4ஆம் இடத்து லைசினில் மூன்று மெத்தைல்கள் இருந்தால், பெரும்பாலும் அங்கே மரபணு இயங்குகிறது. அதே மூன்றும் 27ஆம் இடத்து லைசினில் இருந்தால் அடங்கிக் கிடக்கிறது. அடைபட்ட எக்ஸில் இந்த 27ஆம் இடத்துக் குறிகள் குவிந்திருக்கின்றன, அசிட்டைல் அருகிப்போயிருக்கிறது. அடைப்பைத் தொடங்கி வைப்பது எக்ஸிஸ்ட் என்னும் ஆர்என்ஏ. பிறகு டிஎன்ஏ மேலேயும் மெத்தைல் ஏறிப் பூட்டை உறுதியாக்குகிறது.

இனி எந்த மரபணுவைப் பற்றிப் படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எந்த லைசின்? அதில் ஒட்டியிருப்பது என்ன? அதை வாசிக்கும் புரதம் எது? கட்டுரைகளில் வரும் எழுத்தும் எண்ணுமான குறியீடுகள் அப்போது தாமாகவே பொருள் தரத் தொடங்கும்.

கடைசியாக, இந்தக் குறிகளை ஒட்டும் என்சைம்கள் இருப்பதுபோல் நீக்கும் என்சைம்களும் உண்டு. அசிட்டைலை நீக்கும் என்சைம்களைத் தடுக்கும் வோரினோஸ்டாட் என்ற மருந்துக்கு, தோலில் தோன்றும் ஒருவகை லிம்ஃபோமா புற்றுநோய்க்காக, அமெரிக்காவில் 2006இல் அனுமதி கிடைத்தது. பெற்றோரிடமிருந்து வந்த டிஎன்ஏவின் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், அது வாசிக்கப்படும் விதத்தை மாற்ற முடியும் என்பதற்கு அந்த மருந்தே சான்று.