நந்தன் பெற்ற வெற்றி

சேக்கிழார் 12 ஆம் நூற்றாண்டில் பாடிய பெரியபுராணத்திலே ஆதனூர் நந்தனைக் காண்கிறோம். அக்கதை கேட்டு உருகுவோர் பலர். ஆராய்ந்து பார்ப்போர் சிலர்.

கோயில் முரசுக்குத் தோல் தந்தவன் நந்தன். யாழுக்கு நரம்பு தந்தவன் நந்தன். அவன் தந்த தோல் உள்ளே முழங்கிற்று. தந்தவனோ வெளியே நின்றான்! "இது முறையா?" என்று கேட்டானா? இல்லை. "நாளைப் போவேன்" என்றே நாட்களைக் கழித்தான். தடுத்த மதிலை நோகாமல், தன் பிறவியே இழிவென நொந்தான்.

முடிவிலே அவன் பெற்ற வெற்றிதான் யாது? தீயில் இறங்கி, மார்பிலே பூணூல் விளங்க, முனிவனாய் எழுந்தானாம்! அதன் பின்னரே தில்லைக் கோயிலுள் புகுந்தானாம்! ஒதுக்கியவனின் கோலத்தைப் பெறுவதே ஒதுக்கப்பட்டவனுக்கு உயர்வாம்!

கவிச்சுவையை மறுக்கவில்லை, அதில் கலந்துள்ள நஞ்சையே சுட்டுகிறோம். காலுக்கு விலங்கிட்ட சமுதாயம், ஆசைக்கும் விலங்கிடுகிறது. எதை விரும்புவது, எதை வெற்றியென்பது என்பதையும் அதுவே வகுத்துவிடுகிறது. 19 ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனை, 1942 இல் திரைப்படம் என்று, தலைமுறைதோறும் அக்கதை ஓதப்பட்டது.

ஆனால், 1939 இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தனர். 1947 இல் சென்னை மாகாணத்திலே ஆலய நுழைவுச் சட்டம் பிறந்தது. நுழைந்தோர் தீக்குளிக்கவில்லை, பிறவியை மாற்றிக்கொள்ளவில்லை. மாறியது ஊரார் வகுத்த விதி!

தோழனே, உயர்வென்று நீ ஏங்கும் ஒவ்வொன்றையும் நிறுத்திக் கேள்: இந்த ஆசை என்னுடையதா, எனக்குள் எவரோ ஊன்றியதா?