தரையில் தெரியும் பிரசவக் கணக்கு

ஈனும் நாள் நெருங்கிய பன்றியின் கொட்டிலுக்குள் நுழையும் தேர்ந்த வளர்ப்பாளர், மடியைத் தடவுவதற்கு முன் தரையைப் பார்ப்பார். சாணம் உருவம் கலையாமல் மெத்தென்று விழுந்திருந்தால் நிம்மதி. ஆட்டுப் புழுக்கை போல உருண்டு காய்ந்து கிடந்தால், அன்றைய தீவனமே மாறிவிடும். வெண்பன்றி வளர்ப்பின் நுட்பமெல்லாம் இந்தப் பார்வையில் இருக்கிறது.

ஃபின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் கிளாடியோ ஒலிவியேரோவும் உடனிருந்தவர்களும் இதற்கு மதிப்பெண் முறையே வைத்துக்கொண்டார்கள். சாணமே போடாவிட்டால் 0, சரியான பதம் 3, நீராகப் போனால் 5. மலச்சிக்கல் கூடக் கூட ஈனும் நேரமும் நீளும் என்பதை 2010-இல் எழுதினார்கள்.

பன்றியின் சினைக்காலம் சுமார் 114 நாள். கடைசி வாரங்களில் பெருத்த கருப்பை குடலை நெருக்குகிறது, விலங்கின் நடமாட்டம் குறைகிறது, குடல் மந்தமாகிறது. இறுகிய மலம் குட்டி வரும் பாதையை அழுத்துவதோடு நிற்பதில்லை. தேங்கிய குடலிலிருந்து கிருமிகளின் நச்சு இரத்தத்தில் கலந்தால் காய்ச்சல் வரும், மடி கல்லாகும், பால் வற்றும். குட்டிகள் நோய் எதிர்ப்பாற்றல் இல்லாமலே பிறக்கின்றன. சீம்பாலிலிருந்து அதை உறிஞ்சும் திறன் அவற்றின் குடலுக்கு ஏறக்குறைய ஒரு நாள்தான். மடி வற்றிய தாயின் குட்டிகள் பிழைப்பது கடினம்.

இந்த மலச்சிக்கலைத் தடுக்கும் தவிடு திருவண்ணாமலை மாவட்டத்தில் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. நெல்லும் நிலக்கடலையும் விளையும் பூமி. ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகள் ஏராளம். தவிட்டின் நார் பெருங்குடலில் மெல்லப் புளித்து, மாவுச்சத்தின் தெம்பு தீர்ந்த பிறகும் நிதானமாகச் சக்தி தந்துகொண்டிருக்கும். ஆனால் பச்சைத் தவிட்டின் எண்ணெய் சில நாளில் காறிப்போகும். அதனால் வாங்கும்போதே ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்ப்பது தொழில் தெரிந்தவரின் வழக்கம். கடலைப் புண்ணாக்கில் ஈரம் ஏறினால் பூஞ்சை வந்து அஃப்ளாடாக்சின் சேரும். சினைத்தாய்க்கு அது ஆகாது.

தமிழகப் பண்ணைகள் பலவற்றில் உணவக மிச்சமே தீவனம். சோறும் குழம்பும் உடம்பு வைக்க உதவும். நார் மட்டும் குறைவு. கிருமி சாகக் கொதிக்க வைத்த அந்த மிச்சத்தோடு தவிடும், பொடியாக நறுக்கிய குதிரைமசாலும் கலந்து ஈடுகட்டுவது நல்ல கைப்பக்குவம். சினைப்பன்றிக்கு நார் மிகுந்த தீவனம் தரவேண்டும் என்பதை ஐரோப்பிய ஒன்றியம் சட்டமாகவே வைத்திருக்கிறது.

ஈனும் நாளில் தாயைப் பட்டினி போடுவது பழைய பழக்கம். டென்மார்க்கின் ஆர்ஹூஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட முடிவு அதை மறுபரிசீலனை செய்ய வைத்தது. கடைசியாகத் தின்ற சுமார் மூன்று மணி நேரத்துக்குள் வலி தொடங்கிய தாய்கள் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் ஈன்று முடித்தன. வயிறு காலியான தாய்களுக்கு அதைவிட வெகுநேரம் ஆனது. ஒரே வேளையில் கொட்டுவதை விட, சிறுசிறு பங்காக மூன்று வேளை வைப்பதன் அருமை இதில் விளங்கும்.

நாருக்குத் துணை தண்ணீர். நீரில்லாமல் நார் மட்டும் ஏறினால் சிக்கல் இன்னும் இறுகும். பாலூட்டும் தாய் நாளொன்றுக்கு 20 லிட்டருக்கு மேல் குடிக்கும். குழாய் நிப்பிளில் நிமிடத்துக்கு 2 லிட்டராவது வரவேண்டும். பன்றிக்கு உடல் குளிர வியர்ப்பதில்லை என்பதால், திருவண்ணாமலையின் சித்திரை வெயிலில் தாய் தீவனத்தை ஒதுக்கும். விடியற்காலையிலும் இருட்டிய பிறகும் தொட்டி நிரப்புகிறவர் அந்தப் பசியின் நேரம் அறிந்தவர்.

ஈன்ற மறுநாளே தொட்டியை நிரப்பிவிடுவதும் தவறு. முதலில் இரண்டு கிலோ அளவில் தொடங்கி, சாணத்தின் பதம் பார்த்து நாளுக்கு அரைக் கிலோவாக ஏற்றினால், பத்துக் குட்டி ஈன்ற தாய் ஒரு வாரம், பத்து நாளில் ஐந்தாறு கிலோவுக்கு வந்து சேரும். அப்படித் தின்று தேறிய தாய், குட்டிகளைப் பிரித்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் மறுபடி பருவத்துக்கு வரும். எலும்பு தெரிய வற்றிய தாய்க்கு அது தள்ளிப்போகும். அடுத்த ஈற்றின் கணக்கை நல்ல வளர்ப்பாளர் இந்த நாட்களிலேயே போடத் தொடங்கிவிடுகிறார்.