ஸ்கோர் பெரிசு, சிட்டி சிறிசு

நான்கு நாளில் 400 கோடி. 2018 டிசம்பர் முதல் வாரத்தில் லைக்கா நிறுவனம் அறிவித்த கணக்கு இது. நவம்பர் 29ஆம் திகதி வெளியான ஷங்கரின் ‘2.0’ உலகம் முழுக்க அள்ளியதாகச் சொல்லப்பட்ட தொகை, அதுவும் இந்திய ரூபாயில். படத்துக்கான செலவே 500 கோடிக்கு மேல் என்றார்கள். எட்டு வருடத்துக்கு முன்பு ‘எந்திரன்’ 130 கோடிச் சொச்சத்தில் எடுக்கப்பட்டபோது அதுவே வாயைப் பிளக்க வைத்த தொகை. தயாரிப்பாளர் சுபாஸ்கரன் அல்லிராஜா இலங்கைத் தமிழர் என்பதால் நம் பக்கத்துப் பேச்சில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது.

ஸ்கோரை மட்டும் பார்த்து ஆட்டத்தைச் சொல்ல முடியாது என்பது நோர்வூட் மைதானத்தில் மென்பந்துப் போட்டி பார்க்க நிற்கிற பொடியனுக்கும் தெரியும். எந்த ஓவரில் அடித்தார்கள், எந்த ஓவரில் தடவினார்கள் என்று பார்க்க வேண்டும். ‘2.0’ முதல் ஓவரிலேயே சிக்ஸர் அடித்த படம். நடு ஓவர்களில் தடவியது. கடைசியில் மறுபடி அடித்தது. ரசிகர்கள் கைதட்டிக்கொண்டே எழுந்து வந்தார்கள். வீட்டுக்குப் போனபின் ‘எந்திரன்’ மாதிரி இல்லையே என்றார்கள்.

படம் வெளியான அந்த வாரத்தில் மலையகத்தின் மனசு தியேட்டரில் இல்லை. ஒக்டோபர் 26இல் தொடங்கிய அரசியல் குழப்பத்தில், நாட்டுக்குப் பிரதமர் யார் என்பதே வழக்காகிக் கிடந்தது. 500 ரூபா அடிப்படை நாட்சம்பளத்தை 1,000 ஆக்கு என்று ஒக்டோபர் 24ஆம் திகதி காலிமுகத்திடலில் இளைஞர்கள் கறுப்பு உடையில் திரண்டிருந்தார்கள். டிசம்பர் 4ஆம் திகதி தோட்டங்களில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அடுத்த ஜனவரியில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தில் வந்தது 700. கொழுந்துக் கூடை இறங்கிக் கிடந்த நாட்களில் டவுனுக்கு பஸ் பிடித்து, குடும்பத்தோடு 3டி கண்ணாடி மாட்டிப் படம் பார்க்க எத்தனை வீட்டில் கையில் காசு புரண்டிருக்கும்?

ஆகவே லயத்துக் காம்பராக்களில் பலர் பார்த்த ‘2.0’ வேறு படம். பிறகு, டிவியிலும் போனிலும் பார்த்த படம். நீரவ் ஷா நிஜமான 3டி கமராக்களில் எடுத்த ஆழம் அங்கே இல்லை. ரசூல் பூக்குட்டி இருக்கைக்கு அடியிலிருந்தும் கேட்க வேண்டும் என்று உழைத்த ஒலி, தகரக் கூரையில் மழை பெய்தால் டிவிப் பெட்டிக்கு வெளியே வராது. தியேட்டருக்கென்றே செய்தவை இந்த இரண்டும். அவற்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது கதையும், சிட்டி என்ற ரோபோவும். கொழும்பு தியேட்டரில் தப்பித்த படம் இங்கேதான் ரன் அவுட் ஆனது. ஒரு விதத்தில் இதுவே நியாயமான சோதனை.

‘எந்திரன்’ இந்தச் சோதனையில் தேறிய படம். 2010 ஒக்டோபர் முதலாம் திகதி வந்தது. சிடி கடைகளின் பொற்காலம். கீறல் விழுந்த தட்டில், பாதி முகம் கட்டம் கட்டமாய் உடைகிற காட்சியில் பார்த்தாலும் சிட்டி சிட்டிதான். காரணம், அது கற்றுக்கொள்கிற பிள்ளை. தன்னைப் படைத்த வசீகரனின் காதலி சனாவைக் கடித்த ரங்குஸ்கி என்ற நுளம்பைத் தேடி சாக்கடைக்குப் போய், அதைப் பிடித்துவந்து மன்னிப்புக் கேட்க வைக்கிற வெகுளி. குளித்துக்கொண்டிருந்த பெண்ணைத் தீயிலிருந்து அப்படியே தூக்கிவந்து எல்லோர் முன்னாலும் நிறுத்துகிறது. அவமானம் தாங்காமல் அவள் ஓடி வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள். உயிரைக் காப்பாற்றிய இயந்திரத்துக்குத் தான் செய்த தப்பு என்னவென்று விளங்கவில்லை. சூப்பர் ஹீரோ படங்களில் இவ்வளவு கொடூரமான, இவ்வளவு நேர்மையான தோல்விக் காட்சி அதிகம் கிடையாது. அடுத்து அதே இயந்திரம் பிரசவம் பார்க்கிறது. பின்னர் காதலிக்கிறது, இராணுவ அதிகாரிகள் முன்னால் காதலைப் பற்றிப் பேசித் தேர்வில் கவிழ்கிறது. படைத்தவன் கையாலேயே வெட்டுப்பட்டுக் குப்பைமேட்டுக்குப் போகிறது. நீதிமன்றம் சொன்னதும் தன்னைத்தானே கழற்றி வைக்கிறது. வசனத்தில் சுஜாதாவின் கை இருந்தது. 2008 பெப்ரவரியில் அவர் மறைந்துவிட்டார், படத்தைப் பார்க்கவில்லை.

அதே 2010இல், ஜூலை 22ஆம் திகதி, காலியில் இந்தியாவுக்கு எதிராக முத்தையா முரளிதரன் 800ஆவது விக்கெட்டை எடுத்து டெஸ்ட் ஆட்டத்தை முடித்துக்கொண்டார். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன், கண்டிப் பக்கத்துப் பிள்ளை. பிறவியிலேயே முழுதாக நீட்ட முடியாத முழங்கை. 1995 டிசம்பரில் மெல்பேர்னில் நடுவர் டரல் ஹெயார் அதே கைக்காக நோ போல் கொடுத்தார். மனிதனால் முடியாத எண்ணிக்கைக்குப் பக்கத்தில் எப்போதும் அந்த முழங்கையும் இருந்தது. 2023இல் அவர் வாழ்க்கை ‘800’ என்ற படமாக வந்தது; எண்ணிக்கையைத் தலைப்பாக வைத்தாலும் கதை ஓடியது முழங்கையைச் சுற்றித்தான். சிட்டியின் முழங்கை அதன் அறியாமை. ஷங்கர் இரண்டாம் ஆட்டத்துக்கு இறங்கியபோது அதைத்தான் வீட்டில் விட்டுவிட்டு வந்தார்.

‘2.0’வில் சிட்டிக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை. கூப்பிட்டால் வருகிறது, அடிக்கிறது. நடுவில் ஒரு தடவை சிதைந்தும் போகிறது. வசீகரனின் உடம்பில் எதிரி புகுந்துவிட, படைத்தவனை அடிக்க முடியாமல் சிட்டி நொறுங்குகிற இடம் அது. அருமையான கட்டம். அதில் ஐந்து நிமிடம் நின்றிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். எமி ஜாக்சனின் நிலா சிவப்பு சிப்பைச் செருகி மறுபடி பூட்டி எடுக்கிறார், ஆட்டம் தொடர்கிறது. நொறுங்கியதற்காகக் கவலைப்பட யாருக்கும் நேரம் தரப்படவில்லை. சனா போனில் வெறும் குரலாகிப் போனார். ரஹ்மானின் காதல் பாட்டு பெயர் ஓடும் நேரத்துக்குத் தள்ளப்பட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கதைக்குள் அதற்கு இடம் கிடையாது.

ரன் எடுத்தவர் எதிரணிக்காரர். அக்‌ஷய் குமாரின் பக்‌ஷிராஜன், பறவை ஆய்வாளர். செல்போன் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொள்வதில்தான் படமே ஆரம்பிக்கிறது. பிறகு சென்னையில் கையிலிருந்த போன்கள் எல்லாம் பிய்த்துக்கொண்டு மேலே பறக்கின்றன, தெருவில் ஆறாய் ஓடுகின்றன, கூடிப் பறவையாகின்றன. போன் மொத்த வியாபாரி, கோபுர முதலாளி, தொலைத்தொடர்பு அமைச்சர் என்று வரிசையாய்ச் சாகிறார்கள். இந்த முதல் அரைமணி நேரத்துக்கு எந்த நாட்டு ரசிகரிடமும் குறை வரவில்லை. பின்கதையில் நா. முத்துக்குமார் எழுதி வைத்துவிட்டுப் போன ‘புள்ளினங்காள்’ பாட்டு வரும்போது, பார்க்கிறவர் கட்சி மாறிவிடுகிறார். அப்புறம் சிட்டி அடிக்கிற அடி ஒவ்வொன்றும் நம் ஆள் மேல் விழுகிற மாதிரி இருக்கிறது. படம் வெளியாகுமுன்பே இந்திய செல்போன் நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவிடம் முறையிட்டது, கதிர்வீச்சைப் பற்றி ஆதாரமில்லாமல் பயமுறுத்துகிறார்கள் என்று. அறிவியல் விஷயத்தில் சங்கத்தின் பேச்சில் நியாயம் இருந்தது. நாடகத்தில் பக்‌ஷிராஜன்தான் ஜெயித்தார்.

மலையகத்தில் இந்தக் கட்சி மாறல் அவ்வளவு சுலபம் இல்லை. அவர் இடிக்க நினைக்கிற கோபுரம், இங்கே பல தோட்டங்களுக்கு வந்தே சேராத ஒன்று. சிக்னலுக்காக வாசலைத் தாண்டி, ரோட்டு வளைவைத் தாண்டி, தேயிலை மலையின் உச்சிப் பாறை வரை ஏறுகிறவர்கள் உண்டு. கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்த 2021இல், பதுளை மாவட்டத்துப் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் பாடம் இறக்கக் காட்டுப்பாதையில் பாறை ஏறிய செய்தி உலக ஊடகங்களிலேயே வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளின் நிலையும் வேறல்ல; ஒரே போனில் அண்ணனுக்கு ஒரு பாடம், தங்கைக்கு ஒரு பாடம். அப்பா வேலை முடிந்து போனோடு வந்தால்தான் அதுவும். இவர்களிடம் போய் டவரை உடை என்றால் யார் கைதட்டுவது?

பறவைகள் பக்கமும் ஒரு வழக்கு இங்கே உண்டு. காஷ்மீரில் குஞ்சு பொரிக்கும் ஈப்பிடிப்பான் ஒன்று, குளிர்காலத்தைக் கழிக்க இலங்கையின் இந்த மலைகளுக்கு வருகிறது. நுவரெலியா விக்டோரியா பூங்காவில் அதைத் தேடி தூரதேசத்து ஆட்கள் கமராவோடு குந்தியிருப்பார்கள். ‘2.0’ வெளியான நவம்பர் கடைசி அவை வந்து இறங்கியிருக்கும் காலம். டவர் வேண்டும், குருவியும் வேண்டும் என்று நிற்கிற ஒரு ஊரின் இழுபறியைப் படம் தொட்டிருந்தால் சிட்டிக்கும் யோசிக்க ஒரு வேலை இருந்திருக்கும். 2030இல் நூதனசாலையில் கிடந்தபடி, சிந்திக்கத் தொடங்கியதால்தான் தன்னைப் பிரித்தார்கள் என்று முதல் படத்தின் முடிவில் சொன்ன இயந்திரம் அல்லவா அது?

இரண்டாம் பாகம் என்றாலே சறுக்கும் என்பதும் பொய். சாம் ரைமியின் ‘ஸ்பைடர்மேன் 2’ 2004இல் முதல் படத்தை விஞ்சியது. அதில் நாயகன் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை இழக்கிறான், அறை வாடகை கட்ட முடியாமல் முழிக்கிறான், நடுவில் சக்தியே போய்விடுகிறது. ஓடும் ரயிலை நெஞ்சால் நிறுத்திவிட்டு மயங்கி விழுந்தவனைப் பயணிகள் தலைக்கு மேல் தூக்கிக் கடத்தி, முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து, சின்னப் பையனாய் இருக்கிறானே என்று திகைக்கிற காட்சிக்கு 3டி தேவைப்படவில்லை. 2008இன் ‘தி டார்க் நைட்’டில் பேட்மேன் காதலித்தவளையும் இழந்து, பழியையும் சுமந்துகொண்டு போகிறான். இரண்டிலும் ஹீரோவுக்குப் பலம் கூட்டப்படவில்லை, சுமைதான் கூட்டப்பட்டது.

‘2.0’வின் உச்சக்கட்டம் ஒரு கால்பந்து மைதானம். கூட்டம் நிறைந்த அரங்கில் ராட்சதப் பறவையும் ராட்சதச் சிட்டியும் மோதுகின்றன. ஷங்கரின் கற்பனைக்கும் தொழில்நுட்ப மேற்பார்வை செய்த ஸ்ரீனிவாஸ் மோகனின் குழுவுக்கும் முழு மதிப்பெண். என்றாலும் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது அதை அல்ல. புறா மேல் ஏறி வருகிற குட்டி 3.0க்களைத்தான். விரல் உயரத்தில், வாய்த்துடுக்கோடு, குறும்பு பண்ணுகிற இயந்திரங்கள். ரங்குஸ்கி காலத்துச் சிட்டி அங்கே எட்டிப் பார்க்கிறது. மொத்தப் படத்திலும் மலிவான யோசனை அதுவாகத்தான் இருக்கும். அதற்குக் கிடைத்தது சில நிமிடங்கள்.

தேசிய விருதுகளில், ‘எந்திரன்’ கிராபிக்ஸுக்கும் கலை இயக்கத்துக்கும் வாங்கியது. 2018ஆம் ஆண்டுக்கான கிராபிக்ஸ் விருது தெலுங்கின் ‘அவ்’, கன்னடத்தின் ‘கேஜிஎஃப்’ என்று இரண்டு படங்களுக்குப் பகிர்ந்து போனது. பல மடங்கு செலவழித்த ‘2.0’ அந்தப் பட்டியலில் இல்லை. 2019 செப்டம்பரில் சீனாவில் ஆயிரக்கணக்கான திரைகளில் இறக்கிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2024 ஜூலையில் அதே ஷங்கர், அதே லைக்கா ‘இந்தியன் 2’வோடு வந்தபோது முதல் நாளே கேலி தொடங்கிவிட்டது. நீளம் கூடிவிட்டது என்று எண்ணி சுமார் 12 நிமிடத்தை வெட்டினார்கள். அதன் நாயகன் சேனாபதி தாத்தாவுக்கு வர்மமும் வயதும்தான் கூடியிருந்தது. 1996இல் வந்த முதல் பாகத்தில் மகளைப் பறிகொடுத்து, மகனையே கொன்ற அந்தக் கிழவனிடம் இருந்த வலியை, அந்த 12 நிமிடம் போனபிறகும் யாரும் கண்டெடுக்கவில்லை.